மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வரை அத்தானோடு ஒரு பந்தயம்

பொங்கல் சமயத்தில் சென்னையில் இருப்பேன் என்று சொன்னதும் எட்மன்டனில் என்னோடு ஓடுகிறவர்கள் முறைத்துப் பார்த்தார்கள். கனடாவின் அந்த மூலையில் ஜனவரியில் ஓட வேண்டுமென்றால் ஷூவுக்கு அடியில் ஆணி வைத்த பட்டை மாட்ட வேண்டும். வாயிலிருந்து வரும் ஆவி இமையில் போய் உறையும். அவர்கள் அப்படி வழுக்கிக்கொண்டு ஓடும்போது நான் அரைக்கால் சட்டையோடு கடற்கரையில் ஓடுவேன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? மே மாதம் எங்கள் எல்லோருக்கும் ஒரு மாரத்தான் இருந்தது. குளிர்காலப் பயிற்சியை ஒழுங்காக முடித்தவன்தான் அதை நடக்காமல் ஓடி முடிப்பான். "ஓசி வெயில்ல பயிற்சி எடுத்துட்டு வந்து எங்களை முந்தப் பார்க்கிறாயா?" என்றார் எங்களில் மூத்தவரான ஒரு உக்ரைன்காரர்.

விடுமுறைக்குப் போகிறேன் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். உண்மையில் அக்கா வரச் சொல்லியிருந்தாள். அத்தானுக்கு மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கியிருக்கிறது. டாக்டர் அவரை ட்ரெட்மில்லில் ஏற்றி ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, பாதியிலேயே மெஷினை நிறுத்தி, உடனே ஆஞ்சியோகிராம் எடுங்கள் என்றிருக்கிறார். அது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"ஏல, என் பேச்சக் கேக்க மாட்டுக்காவ. நீ சொன்னா கேப்பாவ. வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ" என்றாள் அக்கா. போனில் அவள் அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே தட்டோடு எழுந்து நடப்பவன் நான். விமானத்தில் நடுவழியில் நடந்து நடந்து பணிப்பெண்ணிடம் திட்டு வாங்கினேன். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னாலிருக்கும் அக்கா வீட்டில் பெட்டியை வைத்ததும், குளிக்காமல் ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

மார்கழி விடியலில் மயிலாப்பூரில் ஓடுவது லேசுப்பட்ட காரியமில்லை. தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்து, இந்த வீட்டுக் கோலமும் எதிர்வீட்டுக் கோலமும் முட்டிக்கொள்ளும் அளவுக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். மிதித்தால் பாவம், மிதிக்காமல் ஓட வழியில்லை. சுவரை ஒட்டி ஒரு காலும் சாக்கடை மூடிமேல் ஒரு காலுமாகத் தாண்டித் தாண்டிப் போனேன். மங்கி குல்லாவும் ஸ்வெட்டருமாகக் கோலத்துக்குக் காவி இட்டுக்கொண்டிருந்த ஒரு மாமி பக்கத்து வீட்டு மாமியிடம், "பாவம், இவர் எந்த பஸ்ஸைப் பிடிக்க இப்படி ஓடிண்டிருக்கார்?" என்றாள். எனக்கு வேர்வை வழிந்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது குளிர்காலம்.

திரும்பும் வழியில் ஒரு கோயில் வாசலில் தொன்னையில் வெண்பொங்கல் கொடுத்தார்கள். மிளகும் நெய்யும் முந்திரியுமாகக் கை சுட்டது. வரிசையில் இரண்டாவது முறையும் நின்றேன். பயிற்சி அட்டவணையில் ஓட்டத்துக்குப் பின் ஒரு வாழைப்பழம் என்று போட்டிருந்தது.

அன்றைக்கே அத்தானிடம் பேசிவிடலாம் என்று நினைத்தேன். அவர் குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டி சட்டையில் தயாராக நின்றார். என்னைக் கட்டிக்கொண்டு, "என்ன மாப்ள, இப்படி எலும்பா கெடக்க? கனடாவுல சோறு போட மாட்டாங்களா?" என்றார். ஆஞ்சியோ என்று வாயெடுத்தேன்.

"எடுத்துக்கிடலாம் மாப்ள. பொங்கல் முடியட்டும்."

திருநெல்வேலியிலிருந்து வந்து தி.நகரில் கடை போட்டவர் அத்தான். வேட்டி, துண்டு, பிளவுஸ் துணி. ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் நீளவாட்டில் ஒரு ரயில்பெட்டி மாதிரி இருக்கும் கடை. துணிக்கடைக்காரர் வீட்டில் எதற்குமே காலி மாதம் கிடையாது. பொங்கல் முடிந்தால் கல்யாண முகூர்த்தம், அது முடிந்தால் பள்ளிக்கூடச் சீருடை, பிறகு ஆடித் தள்ளுபடி, பிறகு தீபாவளி. அக்காவின் கர்ப்பப்பை ஆபரேஷன் இரண்டு ஆடி தள்ளிப்போனது. அவர்கள் மகளின் கல்யாணமே கடைக்குத் தோதான தேதியில்தான் நடந்தது. அவள் இப்போது புனேயில் இருக்கிறாள். அவளும் போனில் சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அந்த மெஷின்ல எவனும்தான் தோப்பான். நான் என்ன ஓட்டக்காரனா? கடையில நிக்கிறவன்" என்றார் அத்தான். டாக்டர் மெஷினை நிறுத்தியதை அவர் பரீட்சையில் பெயிலான மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார். நான் விளக்க விளக்க, "நீ சொன்னா சரிதான்" என்று தலையாட்டினார். எழுந்து ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் எனக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை இல்லை. காலையில் பேச முயல்வேன், அவர் நழுவுவார், எனக்குக் கால் பரபரக்கும். பட்டினப்பாக்கம் போனேன். வலையை உதறிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இன்னா நைனா, எவன்னா தொர்த்திக்கினு வரானா?" என்று பின்னால் எட்டிப் பார்த்தார். இல்லை, உடம்புக்காக ஓடுகிறேன் என்றேன். "உடம்பு நல்லாத்தானே கீது? துட்டு குட்து மீன் வாங்கிக்கினு போ" என்றார். வஞ்சிரம் வாங்கினேன். கையில் மீன் பையோடு எவ்வளவு தூரம் ஓட முடியும்? ஆட்டோவை நிறுத்தினேன். டிரைவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "சார், கடல்ல முங்கி வந்தா மாதிரி கீறீங்க. மீன் வேற. சீட்டு நாறிப் பூடும்." கடைசியில் பின்னிருக்கையில் பழைய செய்தித்தாளை விரித்து அதில் உட்கார வைத்து அழைத்துப் போனார். எட்மன்டனில் பஸ் டிரைவர் இதையே வாய் திறக்காமல் மூக்கைச் சுளித்துக் காட்டுவார். இவர் சொல்லிவிட்டு, பிறகு வீடு வரைக்கும் தன் மச்சான் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அடையாறில் ஓடும் ஒரு குழுவோடு சேர்ந்துகொண்டேன். தரமணிப் பக்கம் போய்த் திரும்பினோம். எல்லோரும் ஐ.டி. ஆட்கள், வங்கிக்காரர்கள். ஓடி முடித்து ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் ஓடியதைப் போல இரண்டு மடங்கு தின்கிறார்கள். ஒருவர் நெய் ரோஸ்டை மடித்துக்கொண்டே, "பொங்கலுக்கு முந்தின ஞாயிறு வேட்டி ஓட்டம் வெச்சிருக்கோம், வர்றீங்களா? அஞ்சு கிலோமீட்டர். ஆம்பளைங்க வேட்டி, பொம்பளைங்க புடவை. முதல்ல வர்றவங்களுக்குக் கரும்பு" என்றார். உடனே பெயர் கொடுத்தேன். மே மாத மாரத்தானை விட அந்தக் கரும்பின் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது.

அத்தான் அதைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "கனடாக்காரனுக்கு ஒட்டிக்கோ வேட்டிதான் சரி" என்று கடையிலிருந்து ஒன்று கொண்டுவந்தார். இடுப்பில் பட்டை வைத்து ஒட்டுகிற வேட்டி அது. மறுநாள் விடிகாலையில் அதைக் கட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தேன். குளத்தைச் சுற்றி முக்கால் வட்டத்தில் பட்டை பிரிந்து, அதே மாமியின் கோலத்தில் வேட்டி விழுந்தது. உள்ளே அரைக்கால் சட்டை இருந்ததால் மானம் தப்பித்தது. மாமி வேட்டியை எடுத்து உதறிக் கொடுத்துவிட்டு, "கோலம் போனா போறது, போட்டுக்கலாம். நீங்க வீட்டுக்குப் போங்கோ" என்றாள்.

இந்தக் கூத்தையெல்லாம் அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் எனக்குத் தோசை வைத்துவிட்டு, "நீ வந்தது எதுக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைக்குப் போய்ப் பிடிக்கலாம் என்று அன்றைக்குத் தி.நகர் போனேன். நின்ற இடத்தில் கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய்விடும் போலிருந்தது. சந்தில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஸ்டூல்மேல் ஒரு ஆள் மைக்கோடு நின்று கத்துகிறான். அத்தான் கடைக்கு எதிரே அன்வர் பாயின் பை கடை. ஆள் வைக்காமல் அவரே மைக் பிடிப்பார். "வாங்கம்மா, பாருங்கம்மா, ஸ்கூல் பேக், ஷாப்பிங் பேக், ஊருக்குப் போற பேக்!" அவர் சத்தத்தில் தன் வாடிக்கையாளர்களுக்கு விலை காதில் விழுவதில்லை என்று அத்தானுக்கு வருஷக்கணக்கில் கோபம். இருவரும் தினமும் சண்டை போட்டுக்கொள்வார்கள். மதியம் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ குடிப்பார்கள்.

அத்தான் அன்று ஒரு கட்டுத் துணியைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, கவுண்ட்டரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "புழுக்கம்" என்றார்.

மறுநாள் காலை அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். இட்லி தின்னும்போது அத்தான், லஸ்ஸில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருப்பதையும், தான் சந்து சந்தாக ஸ்கூட்டரில் புகுந்து கடைக்குப் போகிற சாமர்த்தியத்தையும் அளந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்போது அது பிரமாதமான யோசனையாகத்தான் இருந்தது.

"அத்தான், இந்த டிராஃபிக்ல நான் ஓடியே உங்களுக்கு முந்திக் கடைக்குப் போயிருவேன்."

"ஏ, போல" என்று சிரித்தார்.

"பந்தயம். நான் முந்தினா நாளைக்கே ஆஞ்சியோ."

அத்தான் இட்லியைக் கீழே வைத்தார். "நான் முந்தினா பொங்கல் முடியுற வரைக்கும் அந்தப் பேச்சையே நீ எடுக்கப்பிடாது. உங்க அக்காவும் எடுக்கப்பிடாது." கண் மின்னியது. பந்தயம் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் கணக்குப் போட்டேன். கேட்டைத் திறந்ததும் அவர் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பினார், நான் ஓடினேன். லஸ் திருப்பத்தில் தகரத் தடுப்புக்கும் ஒரு பஸ்ஸுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொண்டு நின்றார். நான் கையசைத்துக்கொண்டு தாண்டினேன். ஆழ்வார்பேட்டையில் அவர் என்னைத் தாண்டினார். தேனாம்பேட்டை சிக்னலில் மறுபடி நான். இத்தனை சந்தோஷமாக நான் ஓடி வெகுகாலமாகிவிட்டது. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது, பழக்கடைக்காரர் ஒருவர் கை தட்டினார். நாளைக்கு ஆஸ்பத்திரியில் அத்தானோடு இருக்கப்போகிறேன், அக்காவுக்கு நிம்மதி, எனக்குக் கரும்பு என்றெல்லாம் நினைத்துக்கொண்டே ஓடினேன். கடைசியில் எங்கோ ஒரு குறுக்குச் சந்தில் புகுந்து அவர் முந்திவிட்டார்.

தி.நகருக்குள் நுழையும் இடத்தில் போலீஸ் தடுப்பு. பொங்கல் கூட்டத்துக்காக அன்றைக்குத்தான் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அத்தானின் ஸ்கூட்டர் தடுப்புக்கு வெளியே, கண்ணாடியில் ஹெல்மெட் தொங்க, ஓரமாகச் சாய்ந்து நின்றது. அத்தானைக் காணோம்.

எட்டிப் பார்த்தேன். தூரத்தில் கூட்டத்துக்கு நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐம்பத்தெட்டு வயசில் என் அத்தான் ஓடிக்கொண்டிருந்தார்.

என் உடம்பிலிருந்த சூடெல்லாம் இறங்கிப்போனது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார், சிரித்தார், இன்னும் வேகமாக ஓடினார். இரண்டு புடவைக்காரிகளை விலக்கிக்கொண்டு போய், சட்டென்று நின்று, நெஞ்சில் கை வைத்தார். மறுபடி ஓடினார். நான் துரத்தினால் அவர் இன்னும் ஓடுவார். நான் நின்றால் பந்தயம் போச்சு, ஆஞ்சியோவும் போச்சு. ஆனாலும் நின்றேன்.

"அத்தான்! நான் தோத்துட்டேன்! நீங்க ஜெயிச்சாச்சு, நில்லுங்க!"

அவர் நம்பவில்லை. வேண்டாம் என்று படியிறங்குகிற வாடிக்கையாளர் பேரத்துக்குத்தான் இறங்குகிறார் என்று காலமெல்லாம் பார்த்துப் பழகியவர். நான் சொன்னதும் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும். கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். நான் நடுரோட்டில் சப்பென்று உட்கார்ந்தேன். என்மேல் தடுக்கி ஒரு அம்மா திட்டினாள். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறமும் ஓடித்தான் சந்துக்குள் திரும்பினார்.

எழுந்து, இடித்துத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். வேலை பார்க்கும் பெண்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தான் படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டையெல்லாம் ஈரம். சிரிப்பு அப்படியே நின்றுபோய், இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நான் ஜெயிச்சிட்டேன்லா?"

"ஜெயிச்சிட்டீங்க அத்தான்."

"அப்ப நீ கூட்டிட்டுப் போவல. நானாத்தான் வாரேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம்... சீக்கிரம்ல."

ஆம்புலன்ஸ் அந்தச் சந்துக்குள் வராது. ஆட்டோவும் வராது. எந்தக் கூட்டம் வர வேண்டும் என்று அவர் வருஷம் பூராவும் வேண்டிக்கொண்டாரோ அது சுவர் மாதிரி நின்றது. துணி மூட்டை இறக்கும் தள்ளுவண்டியை யாரோ இழுத்து வந்தார்கள். வேட்டிக் கட்டுகளைப் பரப்பி அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். எதிரே அன்வர் பாய் பார்த்துவிட்டார். மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அம்மா, அண்ணே, ஓரம் போங்க! எங்க அண்ணாச்சிக்கு நெஞ்சு வலி! ஹட்டோ, ஹட்டோ! வண்டி வருது, வழி விடுங்க!"

அடுத்த கடை ஸ்டூல்காரன் அதை வாங்கிக் கத்தினான். அவனிடமிருந்து அடுத்தவன். சந்தில் அன்றைக்கு ஒரு மைக்கும் துணி விற்கவில்லை. எல்லாம் "வழி விடுங்க" என்றே கத்தின. கூட்டம் இரண்டு பக்கமும் கடைகளுக்குள் ஏறி ஒதுங்கியது. நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு சக்கரம் கோணிக்கொண்டு இழுத்தது, அன்வர் பாய் மைக்கைப் போட்டுவிட்டு வந்து அந்தப் பக்கத்தைப் பிடித்தார். அத்தான் கண்ணை மூடியிருந்தார். "பேசுங்க அத்தான், பேசிக்கிட்டே வாங்க" என்று கத்தினேன். உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் செத்தால் கொன்றது நான்தான் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கடைப் பெண்கள் போன் பண்ணியிருந்த ஆம்புலன்ஸ் தடுப்பருகே வந்திருந்தது. அங்கிருந்து ஆஸ்பத்திரி கிட்டத்தில்தான்.

அக்கா கோயில் குங்குமத்தோடு வந்து சேர்ந்தாள். உள்ளே இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கிறோம் என்றார்கள். அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பந்தயம் வச்சியாமே. பாய் சொன்னாரு."

"ஆமாக்கா."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நீ வராட்டா பொங்கலுக்குள்ள கடையிலயே விழுந்திருப்பாவ. நீ வந்து, ஓடிச் சாவப் பாத்தாவ. நான் உன்ன என்னத்தச் சொல்ல, சொல்லு" என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். வேர்வை காயாத சட்டை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வந்து சொன்னபோது சாயங்காலம் ஆகியிருந்தது. அக்காதான் முதலில் உள்ளே போனாள். வெளியே வந்து, "உன்னக் கூப்பிடுதாவ" என்றாள். எழுந்தேன். உள்ளே போனேன்.

அத்தான் ஆஸ்பத்திரி உடுப்பில் சின்னவராகத் தெரிந்தார். வேட்டி சட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. மூக்கில் குழாய். என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"மாப்ள, பாதியிலயே தெரிஞ்சிட்டுது. நெஞ்ச அமுக்குது, செத்திருவோம்னு தெரியுது. பயந்து போனேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆனா நிக்கத் தெரியல, மாப்ள."

"எனக்கும் தெரியாது அத்தான்" என்றேன்.

அவர் கை கட்டிலின் விளிம்பில் கிடந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்று இரண்டு முறை சொன்னார்.